குதிரைக்குப் பத்தியம்

போன வாரம் நம் வகுப்பு குரூப்பில் நடந்த சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கருங்குழியில் இருக்கிற நம் தோழி, 'என் நாய்க்குப் பின்னங்கால் இழுக்குது, ஹோமியோபதி கேக்குமா?' என்று ஒரே ஒரு வரிதான் கேட்டாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டோம். ஒருவர் கட்டாயம் கேட்கும் என்றார். ஒருவர் அத்தனையும் சர்க்கரை உருண்டை என்றார். ஒருவர் தைலம் தடவச் சொன்னார். கடைசி பெஞ்சுக்காரர் முதுகு பூராவும் அக்குபஞ்சர் ஊசி குத்தின ஒரு நாயின் படத்தைப் போட்டுவிட்டுக் காணாமல் போனார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய்விட்டார்கள். ஐம்பதைத் தாண்டியும் நமக்குச் சண்டை போடத் தெம்பு இருக்கிறதே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. எனக்கு இதில் சொல்ல ஒன்று இருந்தது, ஆனால் அது ஒரு வரியில் அடங்காது. ஒரு குதிரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைக் 'குதுரக்காரர் பொண்ணு' என்றுதான் தெரியும். அந்தப் பட்டப்பெயர் அப்போது எனக்குக் கோபம் வரவழைத்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்றிருக்கிறது. என் நைனாவின் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் காலம் தள்ளியவர். நைனாவுக்கு அந்தச் சேற்றில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள் வந்து நின்றபோது, பிழைப்புப் போன ஒரு ஜட்கா வண்டிக்காரரிடமிருந்து ஒரு பழுப்புக் குதிரையை வாங்கினார். திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பகல் முழுக்க அதோடு கூடவே நடந்து மாமல்லபுரம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு சவாரி விடுவதுதான் எங்கள் வீட்டுத் தொழில்.

அதன் பெயர் மெயிலு. ஜட்காக்காரர் வைத்த பெயர். மெயில் வண்டிபோல ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். மெயில் வண்டி வந்து நிற்கிற நேரத்துக்கு மட்டும்தான் அது காதைத் தூக்குமாம், மற்ற நேரமெல்லாம் தூக்கம். நெற்றியில் கோலப்பொடி சிந்தியதுபோல ஒரு வெள்ளை. இடது காது நுனியில் ஒரு வெட்டு. எங்காவது விசில் சத்தம் கேட்டால் போதும், ரயில் வந்துவிட்டது என்று நினைத்து நடையைக் கட்டிவிடும். பேருந்து நிலையத்தில் கண்டக்டர் விசில் ஊத, மேலே உட்கார்ந்திருந்த வடநாட்டு மாப்பிள்ளையோடு அது கிளம்பிப் போனதும், புதுப்பெண் மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா பொரி உருண்டை பிடித்து விற்பாள். வீட்டின் பின்னால் ஓலைக் கொட்டாய், அதில் மெயிலு. அடுப்பங்கரையில் வெல்லப் பானை. கொட்டாய்க்கும் பானைக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. பாகு காய்ச்சும்போது மெயிலு தட்டியின் ஓட்டை வழியாக மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். வெல்லப் பாகு, குதிரை வியர்வை, கடல் காற்று மூன்றும் கலந்த ஒரு வாசனை உண்டு. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்தப் பானையிலிருந்து தினமும் ஒரு துண்டு வெல்லம் என் பள்ளிக்கூடப் பாவாடை பாக்கெட்டுக்குப் போகும். சாயங்காலம் வந்ததும் நேராகக் கொட்டாய்க்குள் போவேன். மெயிலு உதட்டாலேயே பாக்கெட்டை விரித்து எடுத்துக்கொள்ளும். அதன் மீசை முடி கையில் உரசும். பானையில் வெல்லம் குறைவதை அம்மா ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று ஆச்சரியப்படுவேன். என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஏழாவது படித்த வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மெயிலு எழுந்திருக்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தபோது எழுந்தது. ஆனால் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பின்பக்கம் சாய்ந்தபடி நின்றது. ஒரு எட்டு வைக்கச் சொன்னால் முள்மேல் நிற்பதுபோல காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. நான் குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். டீ டம்ளரைத் தொட்டதுபோல சுட்டது.

முதலில் லாடம் அடிப்பவர் வந்தார். "வாய்வு அண்ணாத்த, கால்ல எறங்கிகீது" என்றார். செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தார். சூட்டுக்கு மேல் சூடு. மெயிலு பல்லைக் கடித்த சத்தம் அடுப்பங்கரை வரை கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தடவினார். நான்கு நாள் கழித்து லாடக்காரர் இரும்புக் கம்பியோடு வந்து, தோள்பட்டையில் சூடு போட்டால் சரியாகிவிடும் என்றார். அம்மா கரண்டியோடு கொட்டாய் வாசலில் நின்றாள்.

"இன்னாய்யா, ஒன் கால் வலிச்சா ஒன் தோள்ல சூடு வச்சிக்கிறியா? போய்யா அந்தாண்ட" என்றாள்.

அவர் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாவை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிறகுதான் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார்கள். இளைஞர். கண்ணாடி போட்டவர். குளம்பைத் தட்டிப் பார்த்தார், காலில் நாடி பிடித்துப் பார்த்தார். கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"குளம்புக்குள்ள வீக்கம்பா. தானியமும் இனிப்பும் அதிகமாப் போனா குதிரைக்குக் காலைத்தான் பிடிக்கும். கொள்ளு போடுறதை நிறுத்து. வெறும் காஞ்ச புல்லு போடு. காலையும் சாயங்காலமும் கடல் தண்ணியில முட்டி வரைக்கும் நிக்க வை. ரெண்டு மாசம் சவாரி கூடாது."

"ஊசி சார்?" என்றார் நைனா.

"இப்ப வேணாம். வலி தெரியலைன்னா நடக்கும். நடந்தா குளம்பு கழண்டுடும்."

போகும்போது திரும்பி நின்று கேட்டார். "வெல்லம், சர்க்கரை ஏதாவது குடுக்கிறீங்களா?"

நைனா, "யாரு சார் குடுக்கப்போறா?" என்று தலையாட்டினார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். மூன்று தலையும் ஒரே நேரத்தில் ஆடியது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

டாக்டர் தெரு முனை தாண்டியதும் நைனா வெடித்தார். "இன்னா டாக்டரு இவரு? ஊசி கெடையாது, மருந்து கெடையாது. அத்த நிறுத்து இத்த நிறுத்துன்னு சொல்லிகினு கீறாரு. இத்தச் சொல்ல படிச்சிட்டு வரணுமா?" 

நம் ஊரில் ஊசி போடாத டாக்டருக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். கொள்ளைக் குறைத்தால் குதிரை இளைத்துவிடும் என்று நைனா அதை நிறுத்தவே இல்லை. சீக்கு வந்த பிள்ளைக்குக் கூடக் கொஞ்சம் போடுவதுபோல ஒரு கை கூடவே போட்டார். நானும் அப்படித்தான். அதன் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு போதாது என்று தோன்றியது. தினமும் இரண்டு துண்டு கொண்டுபோனேன். டாக்டர் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ஆனால் நான் கொடுப்பது சின்னத் துண்டு, அவர் சொன்னது பெரிய வெல்லத்தை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு வயதில் மனசு எவ்வளவு வக்கீல் வேலை பார்க்கும் தெரியுமா?

கார்த்திகை பிறந்தபோது மெயிலு பெரும்பாலும் படுத்தே கிடந்தது. அப்போதுதான் தரகர் வந்தார். செங்கல் சூளைக்கு மண் வண்டி இழுக்கக் குதிரையும் கழுதையும் பிடித்துக் கொடுக்கிறவர். காதில் கடுக்கன், வாயில் எப்போதும் வெற்றிலை. சூளைக்குப் போன எந்தக் குதிரையும் திரும்பி வந்ததில்லை.

"வச்சிகினு இன்னா பண்ணப்போற மச்சான்? சீசனும் வந்துருச்சி. இத்தக் குடுத்துட்டு வேற ஒண்ணப் பாரு" என்றார்.

நைனா ரொம்ப நேரம் மணலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். கடைசியில், "பொங்கல் வரிக்கும் டயம் குடு. காணும் பொங்கலுக்கு முன்னாடி நீ வா. தார் ரோட்டுல அது நடக்கலன்னா இட்டுகினு போ" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டார். நைனா பேச்சு மாறமாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று அம்மா பாகைத் தீயவிட்டாள்.

அணுபுரத்தில் அப்போதுதான் புதுக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். அம்மா கூடையோடு அங்கே போய் வருவாள். ஒரு வீட்டுக்காரம்மா இவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டிருக்கிறார். அவர் கணவர் அணு ஆராய்ச்சியில் வேலை, தெற்கத்திக்காரர், சாயங்காலமானால் ஹோமியோபதி பார்ப்பார். தலைவலி, சளி, பிள்ளைகளின் கட்டி என்று குவார்ட்டர்ஸே அவர் வீட்டுக்குப் போகுமாம். குதிரைக்கும் பார்ப்பாரா என்று அம்மா கேட்டதும் அந்த அம்மா உள்ளே திரும்பி, "ஏங்க, குதிரைக்குப் பார்ப்பீங்களா?" என்று கத்தினாராம். "வந்து பார்க்கேன்னு சொல்லு" என்று பதில் வந்ததாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்கூட்டரில் வந்தார். மாத்திரை சார் என்றுதான் நாங்கள் சொல்வோம். கையில் ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் தக்கை மூடி. பழுப்பு அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகம். அவர் அதற்கு முன்னால் குதிரை பக்கத்தில் போனதே இல்லை என்று நினைக்கிறேன். ஆறடி தள்ளி ஸ்டூல் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"இடது பக்கம் படுக்குமா, வலது பக்கமா?"

நைனா என்னைப் பார்த்தார். "வலது பக்கம் சார்" என்றேன் நான்.

"தண்ணி மடக்கு மடக்காக் குடிக்குமா, ஒரே மூச்சிலயா?"

"கொஞ்சம் கொஞ்சமா சார்."

"எதுக்காவது பயப்படுமா?"

"ஒதறி விரிக்கிற குடைக்கு பயம் சார். இடிக்கு பயமில்ல."

"சங்கடம் வந்தா கூட யாராவது இருக்கணும்னு நினைக்குமா, தனியா விடுன்னு நினைக்குமா?"

நைனாவுக்குத் தாங்கவில்லை. "சார், அது குதுர சார்" என்றார்.

"இருக்கட்டுமே. அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார் சார்.

அந்த நிமிஷத்தில் நான் அவருக்கு அடிமையாகிவிட்டேன். மெயிலுக்கு மனசு உண்டு என்று என்னைத் தவிர முதல்முதலாகச் சொன்ன பெரிய மனிதர் அவர்தான். எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். வெயில் பிடிக்காது என்றேன். மழைத் தண்ணி தேங்கின பள்ளத்தில் தானாகப் போய் நிற்கும் என்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி எழுதிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இனிப்புன்னா ஆசை உண்டா?"

நைனா கடல் பக்கம் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்தாள். மெயிலு மெதுவாகக் கழுத்தை நீட்டி என் பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டது.

"ரொம்ப சார்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். ஒரு சின்னப் பழுப்புக் குப்பியில் வெள்ளை உருண்டைகளைக் கொட்டி, மேலே இரண்டு சொட்டு ஏதோ விட்டுக் குலுக்கி, நைனாவிடம் கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலு வேளை. கையால் தொடக்கூடாது, மூடியில் கொட்டித்தான் உதட்டுக்குள் போட வேண்டும். பிறகு பத்தியம் சொன்னார்.

"கொள்ளு ஆகாது, அது மருந்தை ஏறவிடாது. சவாரி விட்டா உடம்பு அலுத்து மருந்து வேலை செய்யாது. எண்ணெய், கற்பூரம், பீடிப் புகை எதுவும் கிட்ட வரக்கூடாது. தண்ணியைத் தானாத் தேடிப் போகுதுன்னு பாப்பா சொல்லுது. கடல்ல நிக்க வைங்க, நிக்கும்போதே மாத்திரையைக் கொடுங்க. முக்கியமா இனிப்பு. ஒரு துளி வெல்லம் பட்டாலும் மருந்து முறிஞ்சு போகும். முறிஞ்சா மறுபடியும் முதல்ல இருந்து வரணும்."

நான் சும்மா இருக்கவில்லை. கீழே விழுந்த ஒரு உருண்டையை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், மாத்திரையே இனிக்குதே?" என்றேன்.

அவர் ஒரு நொடி யோசித்தார். "அது மருந்தோட இனிப்பு" என்றார்.

நீங்கள் சிரிக்கலாம். நாங்கள் சிரிக்கவில்லை. மாட்டு டாக்டர் சொன்ன அதே சமாசாரம்தான். கொள்ளு வேண்டாம், இனிப்பு வேண்டாம், சவாரி வேண்டாம், கடலில் நிறுத்து. எண்ணெய், கற்பூரம், பீடி மட்டும்தான் கூட. ஆனால் டாக்டர் அதை வெறும் பேச்சாகச் சொன்னார், இவர் பத்தியமாகச் சொன்னார். வெறும் பேச்சை மீறினால் என்ன ஆகும்? பத்தியத்தை மீறினால் மருந்து முறியும். அகத்திக்கீரை தின்று மருந்தை முறித்துக்கொண்டு செத்துப்போனவர் கதை ஒன்றாவது இல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா?

மறுநாளிலிருந்து எங்கள் வீடு தலைகீழாக மாறியது. நான் சிலேட்டில் நாலு வேளையும் எழுதிக் கொட்டாயில் மாட்டினேன். கொள்ளு மூட்டையை நைனா பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பீடி பிடிக்க வேலிக்கு அந்தப் பக்கம் போனார். வேப்பெண்ணெய் தடவின காலை அம்மா சீயக்காய் போட்டுக் கழுவினாள். பீச்சில் சவாரி இல்லாததால் நைனா ஒரு ஓட்டலில் தோட்ட வேலைக்குப் போனார். வாழ்க்கையில் எதை வெறுத்து ஓடிவந்தாரோ அந்த மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

காலையில் அலை ஓரத்தில் மெயிலுவைப் பிடித்துக்கொண்டு நிற்பது நானும் நைனாவும். வீட்டிலிருந்து கடலுக்கு அந்தக் கொஞ்ச தூரத்தை அது அங்குலம் அங்குலமாகக் கடக்கும். தண்ணீர் குளம்பைத் தொட்டதும் ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள், மனுஷன் விடுவதுபோலவே இருக்கும். நைனா மூடியில் மாத்திரையைக் கொட்டி அதன் கீழுதட்டுக்குள் போடுவார். அது உதட்டைச் சப்புக்கொட்டி, நைனாவின் மூக்கு, காது எல்லாவற்றையும் நக்கிப் பார்க்கும். தூரத்துக் கோவில் கோபுரத்துக்குப் பின்னால் வெயில் ஏறும். வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுப்பார்கள். என்ன வைத்தியம் நடக்கிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

சாயங்காலம்தான் எனக்குக் கஷ்டம். நான் கொட்டாய்க்குள் நுழைந்ததும் அது பாக்கெட்டைத் தேடும். முதல் நாள் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினேன். அது நம்பாமல் அடுத்த பக்கம் தேடியது. அங்கே பாக்கெட்டே கிடையாது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். நைனா பார்த்துவிட்டார். "இன்னாமா?" என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் எதுவும் கேட்காமல் வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இன்னும் சில சின்ன மாற்றங்கள் வீட்டில் நடந்தன. அவற்றை அப்போது நான் கவனித்தேன், யோசிக்கவில்லை. முன்பெல்லாம் டீக்கடைக்குப் போனால் நைனா மெயிலுவையும் கூட்டிக்கொண்டு போய் நேரம் கழித்துத்தான் வருவார். இப்போது போன வேகத்தில் வந்தார். அம்மாவின் உடைந்த பொரி உருண்டைகள் ஒரு டப்பாவில் சேர ஆரம்பித்தன. தினமும் பள்ளிக்கு எனக்குக் கொடுத்து அனுப்பினாள். உங்களில் சிலர் அதை வாங்கித் தின்றிருக்கிறீர்கள். உருண்டைகள் அதற்கு முன்பும் உடைந்துகொண்டுதானே இருந்திருக்கும்? அவையெல்லாம் எங்கே போயின என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மார்கழி பாதியில் ஒருநாள் குளம்பைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து தொடச் சொன்னேன். அவள் தொட்டுவிட்டு, பழுப்புக் குப்பியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கே அது சாமி மாடத்துக்குப் போய்விட்டது.

மாட்டுப் பொங்கலன்று காலையில் தரகர் வந்தார். கையில் புதுக் கயிறு. நைனா அவரை உட்காரச் சொல்லவில்லை. மெயிலுவை அவிழ்த்து, கொட்டாயிலிருந்து மணல், மணலிலிருந்து தெரு, தெருவிலிருந்து தார் ரோடு என்று மெல்லக் கூட்டிப் போனார். நான் பின்னால் போனேன். அம்மா வரவில்லை, வாசலிலேயே நின்றாள். தார் ரோட்டின் விளிம்பில் வந்ததும் மெயிலு நின்றுவிட்டது. முன்னங்காலைத் தூக்கி, வைக்காமல் அப்படியே வைத்திருந்தது. நைனா கயிற்றை இழுக்கவில்லை. தரகர் வெற்றிலையைத் துப்பினார்.

நேற்று உண்மையிலேயே நான் எதுவும் கொடுக்கவில்லையே, பாக்கெட்டில் பழைய தூள் எதையாவது நக்கிவிட்டதோ, மருந்து முறிந்துவிட்டதோ என்று எனக்கு அதே நினைப்பு. அப்போது பேருந்து நிலையத்தில் கண்டக்டர் விசில் ஊதினார்.

மெயிலு காதைத் தூக்கியது. காலைத் தாரில் ஊன்றியது. டக். அடுத்தது டக். ரயிலுக்கு நேரமாகிவிட்டதுபோல நேராக நடந்தது. நைனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். வேட்டி அவிழ்ந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், இல்லை அழுதுகொண்டே சிரித்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது தரகர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அந்த மாத்திர எங்க மச்சான் குடுக்கிறாங்க? எனக்கு முட்டி வலி பேஜாரா கீது."

அதற்குப் பிறகு மாத்திரை சாருக்கு ஓய்வே இல்லை. ஆடு, கோழி, கிளி, நாய் எல்லாம் குவார்ட்டர்ஸ் வாசலில் வரிசையில் நின்றன. சில பிழைத்தன. எங்கள் தெருக் கோடி வீட்டு ஆடு, வயிறு உப்பிக் கிடந்தது, சார் வருகிற வரைக்கும் காத்திருந்து செத்தது. மாட்டு டாக்டர் ஆஸ்பத்திரி அணுபுரத்தைவிடக் கிட்டத்தில் இருந்தது. காத்திருக்கச் சொன்னவர் என் நைனா. ஜெயித்த நம் கதையைக் கேட்டுத் தோற்றவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வீட்டுப் பெண் என்னோடு பல நாள் பேசவில்லை. அவள் இந்தக் குரூப்பில் இருக்கிறாள். அவளுக்கு நான் இப்போதாவது இதைச் சொல்லியாக வேண்டும்.

மாட்டு டாக்டரும் ஒருநாள் பீச்சுக்கு வந்தார். மெயிலு நடப்பதைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "சொன்னபடி செஞ்சீங்களா?" என்றார். நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அணுபுரம் சாரு மாத்திரைல சரியாச்சி சார்" என்றார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "சரிப்பா, நல்லா இருந்தா சரி" என்று குதிரையின் கழுத்தைத் தட்டிவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு நாங்கள் ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மெயிலு அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தது. நைனா அதன்மேல் பெரிய ஆட்களை ஏற்றவே இல்லை, பிள்ளைகளை மட்டும்தான். ஒரு சித்திரை மாதத்தில் அலைக்குப் பக்கத்தில் வலது பக்கமாகப் படுத்தபடியே போய்விட்டது. அதன் நெற்றியில் கட்டியிருந்த தோல் பட்டையை நான் எடுத்து வைத்திருந்தேன், வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. குப்பி மட்டும் சாமி மாடத்திலேயே இருந்தது.

கடைசிக் காலத்தில் நைனாவும் அம்மாவும் செங்கல்பட்டில் என்னோடு இருந்தார்கள். நைனாவுக்குச் சர்க்கரை நோய். ஒருநாள் அம்மா பேரப்பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நைனா பூனைபோல வந்து ஒன்றை எடுத்தார். நான் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"பத்தியம் நைனா. மருந்து முறிஞ்சிடும்" என்றேன் விளையாட்டாக.

அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தார். "இந்தக் கண்டிப்பு அன்னிக்கி இருந்திருந்தா அந்தக் குதுரைக்கு காலே போயிருக்காது" என்றார்.

எனக்குத் திக்கென்றது. இத்தனை வருஷம் தெரிந்தே வைத்திருந்தாரா? அவர் காலடியில் உட்கார்ந்தேன். நாற்பதைத் தாண்டின பெண், பதினோரு வயதுக் குரலில் சொன்னேன்: "நான்தான் நைனா. தெனமும் வெல்லம் குடுத்தேன். டாக்டர் கேட்டப்பகூட சொல்லல."

அவர் விழித்தார். "நீயா? நான் என்னியத்தான் சொல்லிகினு கீறேன் பாப்பா. டீக்கடையில தெனம் ரெண்டு பன்னு. சக்கர டீயில நனச்சி நனச்சி. அது வாயத் தொறந்துகினு நிக்கும், எனக்கு மனசு கேக்காது. அந்த டாக்டரு கேட்டாரே, எனக்கு உயிரே போச்சி."

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா பாகு ஒட்டின கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஒடஞ்ச உருண்டயெல்லாம் எங்க போச்சின்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

முதலில் நைனாதான் சிரித்தார். பிறகு நான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பிள்ளைகள் ஓடிவந்து என்ன என்ன என்றார்கள். சிரித்து ஓய்ந்ததும் அம்மா பாகு ஒட்டின கையைத் துடைத்துக்கொண்டாள். மூன்று பேருக்கும் அந்தக் கொட்டாயும், முன்னால் நீட்டின அந்தக் காலும் கண்ணில் வந்து நின்றிருக்க வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆசை ஆசையாக, அதை நாங்கள்தான் நொண்டியாக்கியிருக்கிறோம்.

மாத்திரைமேல் எங்கள் வீட்டில் ஏன் ஒருவரும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மாத்திரை குணப்படுத்தவில்லை என்றால் வேறு எது குணப்படுத்தியது என்று யோசிக்க வேண்டிவரும். யோசித்தால் அது நம் கையிலிருந்த வெல்லத்தில் வந்து முடியும். அதனால் மூன்று பேரும் தனித்தனியாக அந்தக் குப்பிக்கு விளக்கேற்றினோம். சார் கொடுத்த உருண்டைக்குள் மருந்து இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இருந்ததாக நான் நம்பவில்லை. ஆனால் ஆறடி தள்ளி உட்கார்ந்து அவர் கேட்ட கேள்விகள் அந்தக் குதிரையைக் காப்பாற்றின, அவர் போட்ட பத்தியம் எங்கள் மூன்று பேர் கையையும் கட்டியது.

நைனா போய் நாலு வருஷமாகிறது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கருங்குழித் தோழிக்குத் தனியாக எழுதினேன். ஹோமியோபதி கொடுப்பதானால் கொடு, ஆனால் முதலில் மாட்டு டாக்டரிடம் போ, அவர் நிறுத்தச் சொல்வதை நிறுத்து என்று எழுதினேன். உன் நாய் எடை எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் குண்டு என்றாள். உடனே கேட்டேன்: 'அதோட சாப்பாட்டைத் தவிர நீ என்ன குடுக்கிற?'

நான் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வந்து பார்த்தபோது பதில் வந்திருந்தது.

'காலையில டீ குடிக்கும்போது ரெண்டு பிஸ்கட். அவ்ளோதான். வீட்ல வேற யாரும் எதுவும் குடுக்க மாட்டாங்க, நான் மட்டும்தான்.'